எட்டாவது அட்டை

லியபாயா துறைமுகத்தில் காற்றடித்தால்
ஆம்புலன்ஸ் நிலையத்தின் தகரக் கதவு தானாகப் பேசும்.
டிசம்பர். இரவு ஒன்றரை. ஓர் அழைப்பும் இல்லை.
பஞ்சு வந்த பெட்டியை வெட்டி
எகோன்ஸ் எட்டு அட்டை செய்திருந்தான்.
ஐந்து ஊரார், இரண்டு ஓநாய்,
மிச்சமிருந்த ஒன்று எனக்கு வந்தது.

அதில் படமில்லை, ஒரு புள்ளி.
புள்ளி யாரோடும் சேராது.
எல்லோரும் போன பின் மிஞ்சினால் மட்டும்
ஜெயித்ததாகக் கணக்கு.

ஓநாய் இருட்டில் கண் திறந்தால் எதிரே இன்னொரு கண்.
ஊராருக்கு ஊர் இருக்கிறது.
எனக்கு இந்த அட்டை, அதையும் மறுபடி பார்க்கக் கூடாது.
இரண்டு முறை பார்ப்பவளை
மேசை ஒரு முறை பார்க்கும், அது போதும்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள்.
சரி, ஆனால் பாதிதான் சரி.
இந்த எறும்பு
இரண்டு முனைக்கும் ஓடி ஓடி ஊதவும் வேண்டும்.
ஒரு பக்கம் அணைந்துவிட்டால்
மறுபக்கத் தீக்கு என்னைத் தவிர வேலையில்லை.

முதல் இரவு யாரையும் தொடவில்லை.
ஓநாய்கள் ஜிந்த்ராவைத் தின்றன.
விடிந்ததும் அளவோடு அதிர்ந்தேன்.
அளவு தெரியாமல் அதிர்ந்தவன் தியோதோர்ஸ்,
பாவம், ஊரான்.
அவனைத் தூக்கில் போட்டோம்.
என் கை மூன்றாவதாக எழுந்தது.
முதல் கையிடம் காரணம் கேட்பார்கள்,
கடைசிக் கையிடம் ஏன் தாமதம் என்பார்கள்.
மூன்றாவது கைக்கு முகம் கிடையாது.

இரண்டாம் இரவு
என்னையே முறைத்துக்கொண்டிருந்த வெல்டாவை முடிக்கக் கை அரித்தது.
முடித்திருந்தால் அவள் சந்தேகத்துக்கு உயிர் வந்திருக்கும்.
எனக்காகப் பரிந்து பேசிய ஒரே ஆள்
உல்திஸ்.
அவனைக் கொன்றேன்.
வெல்டாவை ஓநாய்களே பார்த்துக்கொண்டன.

இதைச் சொல்லும்போது உறுத்துகிறது. அன்று உறுத்தவில்லை.
உல்திஸ் எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தான்,
செத்தவனுக்குத்தான் எவ்வளவு பசி.
ஒரு சுளை எனக்கும் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.

நால்வர் மிஞ்சினோம். ஊர்ப் பக்கம் விஸ்மா மட்டும்.
அந்த முனையில் ஊத வேண்டிய நேரம்.
"ஐவார்ஸ் அதிகம் சிரிக்கிறான்," என்றேன்,
கோப்பைக்குள் பார்த்தபடி, யாருக்கோ சொல்வதுபோல்.
விஸ்மா கை தூக்கினாள். நான் தூக்கினேன்.
தன்மேல் சேறு தெறிக்காமல் இருக்க
கூட்டாளிக்கு எதிராகக் குந்தார்ஸும் தூக்கினான்.
அந்தக் கையைப் பார்த்ததும் அவனையும் தெரிந்துகொண்டேன்.

"ஊர் தூங்கட்டும்," என்றான் எகோன்ஸ்.
மூவரும் கண் மூடினோம்.
யாரை முதலில் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
அப்போது தொலைபேசி அடித்தது.

கண் திறக்க வேண்டியவள் நான்தான், என் வேலை அது.
க்ரோபிஞா சாலை, பனிக்கட்டி, பேருந்து,
எத்தனை பேர் என்று சொல்லத் தெரியாத ஒரு குரல்.
மூன்று வண்டியும் போகட்டும் என்றேன்.

செத்தவர்கள்தான் முதலில் எழுந்து ஓடினார்கள்.
ஜிந்த்ரா, தியோதோர்ஸ், வாயில் ஆரஞ்சோடு உல்திஸ்.
எகோன்ஸ் சாவியோடு.
விஸ்மா வாசலில் குனிந்து
பூட்ஸ் நாடாவை இறுக்கியபடி, என்னைப் பாராமல்,
"இரண்டாம் இரவே தெரியும், ராஸ்மா.
ஐவார்ஸைப் பிடிக்க எனக்கு ஒரு கை குறைந்தது," என்றாள்.

கதவு தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.
மேசையில் எட்டு அட்டை, ஆறிப்போன தேநீர், ஆரஞ்சுத் தோல்.
எல்லோரும் போயிருந்தார்கள். நான் மிஞ்சியிருந்தேன்.
விதிப்படி இதற்குப் பெயர் உண்டு.

பிறகு ரேடியோவில் ஒவ்வொரு குரலாக வந்தது.
முதல் வண்டி, இடத்தில்.
இரண்டாம் வண்டி, இடத்தில்.
மூன்றாவதுக்கு வெகுநேரம் இரைச்சல் மட்டும்,
அப்புறம் விஸ்மா.
நேரம் எழுதினேன், நான்கு ஐம்பத்திரண்டு.
போனவர்களை எண்ணினேன், எகோன்ஸோடு எட்டு.
எண்ணுகிறவளை எண்ணும் பழக்கம்
எங்கள் நிலையத்தில் இல்லை.